யோய்ச்சியில் ஒரு நாள்

ஜப்பானில் ஹொக்கைடோ போன நண்பர்கள் பனி, நண்டு என்று பேசுவார்கள். எனக்கு மனதில் நிற்பது யோய்ச்சி விஸ்கி ஆலைதான். ஒட்டாரூவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் சில நிமிடங்களில் கல் வாசல்.

இதை நிறுவியவர் மசதாக்கா தாக்கெத்சுரு. சாக்கே என்னும் அரிசி மது காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. 1918-இல் ஸ்காட்லாந்து போய், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, ஆலைகளில் கூடவே நின்று தொழில் கற்றார். 1920-இல் அங்கேயே ரீட்டா கோவனை மணந்தார். ஊர் திரும்பி, யாமசாக்கி ஆலையில் விஸ்கி காய்ச்சினார். அப்புறம் 1934-இல் யோய்ச்சியில் சொந்த ஆலை. குளிரும் ஈரக் காற்றும் ஸ்காட்லாந்து போலவே இருந்ததால் இந்த ஊர். விஸ்கி பீப்பாயில் முதிர வருடக்கணக்கில் ஆகுமே, அதுவரை? ஆப்பிள் சாறு விற்றார்கள்! முதல் விஸ்கி வெளிவந்தது 1940-இல்தான்.

வடிகலன்கள் இருக்கும் கூடத்தில் வெகுநேரம் நின்றேன். செம்புக் கலன்களுக்கு அடியில் இன்றும் நிலக்கரித் தீ. ஆள் நின்று மண்வாரியால் அள்ளிப் போடுகிறார். இப்படி நேரடித் தீயில் காய்ச்சும் ஆலைகள் உலகத்திலேயே மிகக் குறைவு. அந்தக் கருகல் வாசனை விஸ்கியிலும் இறங்குகிறது. கலன்களின் கழுத்தில் வைக்கோல் கயிறும் வெள்ளைத் தாளும் கட்டியிருக்கிறார்கள். சாக்கே ஆலைகளின் வழக்கம் அது. ஸ்காட்லாந்தில் கற்ற தொழிலுக்குப் பிறந்த வீட்டுக் காப்பு. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ரீட்டா 1961-இல் இறந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே போகும் சாலைக்கு அவர் பெயர்தான். திரும்பும்போது அதில்தான் நடந்தேன்.