பதினான்காம் படியில் ஒரு சிவப்புப் பட்டை

நேற்று மாலை லெகோ கட்டைகளால் ஆன கலங்கரை விளக்கம் முழுதாக எழுந்து நின்றுவிட்டது. நான் கட்டியதைச் சொல்லவில்லை. நான் ஏற்கெனவே ஆறு முறை கட்டிப் பிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிறுமி, வயது ஏழு, என் உதவி ஒன்றும் இல்லாமல் படங்களைப் பார்த்தே கட்டி முடித்தாள். இதற்கு முந்தைய மூன்று சோதனைகளும், கட்டும் முறையைக் காட்டும் படங்களின் பதினான்காம் படியிலேயே நின்றுபோயிருந்தன. அந்த ஒரு படிக்கு மட்டும் நான்கு வார மாலைகள் போயின.

தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு ஏழு வயது நிறையப்போகிறது. போன பிறந்தநாளுக்கு, பின்னும் பல்சக்கரமும் வைத்துக் கட்டும் லெகோவின் டெக்னிக் வகை வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் ஒன்பது வயதுக்கு மேல் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. கெட்டிக்காரப் பையன், சமாளித்துவிடுவான் என்று நினைத்தேன். படம் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. விரலில்தான் பலம் போதவில்லை. துண்டுகளை இணைக்கும் கறுப்பு நிற உராய்வுப் பின்னைத் துளைக்குள் கடைசிவரை அழுத்த அவன் கட்டைவிரலால் முடியவில்லை. தவறாகச் செருகியதைப் பல்லால் கடித்து இழுத்தான். கடைசியில் அவனுடைய அப்பா கட்டி முடித்தார். வண்டி இன்று அலமாரியின் மேல்தட்டில், யாரும் தொடாத இடத்தில் நிற்கிறது. பெட்டியில் உள்ள வயது எண்ணை அறிவுக்கான அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் விரல் வலிமையும், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமையும் சேர்ந்திருக்கின்றன.

பிரித்துவிட்டு மறுபடி வேறொன்றாகக் கட்டும் துணிச்சலைத் தராத பரிசு குழந்தைக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். அதனால் இம்முறை கடைப்பெட்டி இல்லை. கணினியில் ஸ்டூடியோ என்ற கட்டை வடிவமைப்பு மென்பொருளில் நானே வரைந்து, படிப்படங்களை அச்சிட்டு, கட்டைகளைத் தனித்தனியாகச் சேர்த்து, எண்ணிட்ட ஐந்து பைகளில் போடுகிறேன். மொத்தம் 386 கட்டைகள்.

இப்போது பதினான்காம் படி. கோபுரத்தின் சுவர் ஒரு குமிழ் தடிமன் (குமிழ் என்பது கட்டையின் மேலுள்ள வட்டப் புடைப்பு, அதுவே அளவும்). அதன் முன்பக்கத்தில் நான்கு குமிழ் அகலம், நான்கு குமிழ் உயரத்தில் ஒரு கதவு. மரப்பலகை போலத் தெரியவேண்டும் என்பதற்காக மேலே குமிழ் இல்லாத நான்கு பழுப்பு டைல்களை நெட்டுக்குத்தாக, பக்கவாட்டில் பார்க்கும்படி பொருத்தியிருக்கிறேன். ஒரு குமிழ் இடம் 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6, பிளேட் என்ற மெல்லிய கட்டையின் உயரம் 3.2. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆழத்தில் கணக்கு அழகாக அமைந்தது. கதவைப் பிடிக்கும் L வடிவ பிராக்கெட்டின் நிற்கும் பகுதி அரை பிளேட் தடிமன், அதாவது 1.6. அதன் மேல் ஒரு பிளேட் 3.2, அதன் மேல் டைல் 3.2. கூட்டினால் மிகச் சரியாக 8. கதவின் முகம் சுவரின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விரலை அதன் மேல் ஓட்டினால் விளிம்பே தட்டுப்படாது. எத்தனை முறை கட்டினாலும் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்க்காமல் என்னால் அடுத்த படிக்குப் போக முடிவதில்லை.

சிக்கல் உயரத்தில் வந்தது. பக்கவாட்டில் திருப்பிய நான்கு குமிழ் 32 மில்லிமீட்டர். மூன்று கட்டை உயரமுள்ள திறப்பு 28.8. மீதி 3.2, அதாவது ஒரு பிளேட். ஆகவே மூன்று வரிசைக் கட்டைகளுக்கு மேல் ஒரு வரிசை பிளேட்டைச் சுற்றிலும் வைத்தால்தான் கதவு உள்ளே உட்காரும். அந்த வரிசையை வைப்பதுதான் பதினான்காம் படி. நான் அதை வெள்ளையில் வைத்திருந்தேன், வெள்ளைச் சுவருக்கு வெள்ளை பிளேட். படத்தில் பதின்மூன்றாம் படிக்கும் பதினான்காம் படிக்கும் வித்தியாசம் ஒரு மெல்லிய கோடு மட்டுமே. மூன்று முறையும் அவள் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கடந்துவிட்டாள்.

"மாமா, கதவு உள்ளே போக மாட்டேன் என்கிறது" என்று சொல்லிவிட்டு மேலிருந்து அழுத்தினாள். சுவர் இரண்டு பக்கமும் பிதுங்கியது, மூலைக்கட்டை தெறித்தது. இரண்டாவது சோதனைக்கு அந்தப் படியைப் பெரிதாக்கினேன், மூன்றாவதற்கு அம்புக்குறி போட்டேன். இரண்டும் பயன்படவில்லை. அவள் கவனக்குறைவானவள் அல்ல. வெள்ளையில் வெள்ளையைத் தேடச் சொன்னது நான்.

விடை பழைய பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. கறுப்பு வண்டிக்குள்ளே, வெளியே தெரியாத இடங்களில் நீலமும் மஞ்சளும் பச்சையும் கிடந்தன. தொழிற்சாலையில் வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள்: குவியலில் தேடும்போது கண் உடனே பிடித்துக்கொள்ளும், படத்தில் இடமும் தவறாது. இத்தனை வருடம் அதைக் கட்டிக்கொண்டே இருந்தும் என் சொந்த வடிவமைப்பில் பயன்படுத்த எனக்குத் தோன்றவில்லை. அந்த பிளேட் வரிசை முழுவதையும் சிவப்பாக்கினேன். கோபுரத்தைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை வந்தது. கலங்கரை விளக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான அணி வேறென்ன வேண்டும்! நேற்று அவள் பதின்மூன்றாம் படி முடிந்ததும் தானே நிமிர்ந்து, "சிவப்பு எங்கே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக நான்கு வாரம் காத்திருந்தது வீண்போகவில்லை.

கதவைப் பிடிக்க முதலில் மேலே மட்டும் ஒரு பிராக்கெட் வைத்திருந்தேன். குழந்தை கதவின் கீழ்ப்பகுதியை அழுத்தினால் மேல்வரிசைக் குமிழ்கள் விட்டுவிடுகின்றன. கீழே ஒன்றும், மேலே தலைகீழாக ஒன்றும் என இரண்டாக்கிய பிறகு அசையவில்லை.

கட்டைகளைச் சேர்த்த கதையில் ஒரு மனக்குறை உண்டு. பயன்படுத்திய வெள்ளைக் கட்டைகளை ஒரு விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்கினேன். பாதி பழுத்துப்போன வெள்ளை. கட்டைகள் செய்யப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இராது. தெரிந்தே நல்லவற்றோடு கலந்து அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம். பழைய பழுப்புக் கட்டைகளையும் பரிசுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு காலகட்டத்தில் வந்த செம்பழுப்புக் கட்டைகள் லேசாக வளைத்தாலே நொறுங்குகின்றன. கதவு டைல்களைப் புதிதாகவே வாங்கினேன்.

மற்ற நிறுவனங்களின் கட்டைகளைக் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: லெகோ 1958இல் விண்ணப்பித்த காப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்டது. எட்டுக் குமிழ்க் கட்டையின் வடிவத்தை வணிக முத்திரையாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் சொல்லிவிட்டது. அதனால் பொருந்தும் கட்டைகளை யாரும் செய்யலாம், நன்றாகவே செய்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கியதும் நான் செய்யும் சோதனை ஒன்றுதான்: பத்து கட்டைகளை அடுக்கி, மேல்கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கி உதறுவேன். பிடி தளர்வாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிடி அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலும் குழந்தைக்கு உதவாது. பிரிக்க முடியாததை அது பிறகு தொடுவதே இல்லை.

அதனால்தான் ஆரஞ்சு நிறப் பிரிப்பான் முதல் பையிலேயே போகிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேட்டைப் பிரிக்க மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டி நெம்ப வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு நகத்தை உடைத்துக்கொள்வதில் பொருளில்லை.

துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பெட்டி வாங்குபவர்களிடம் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. ஐந்நூறு என்று போட்டிருக்கும். அதில் நூற்றுக்கு மேல் ஒற்றைக் குமிழ் வட்டங்களாக இருக்கும். இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட கட்டை எத்தனை என்று பாருங்கள். ஒரே நிறத்தில் அப்படிப்பட்ட ஆறு கட்டைகளை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் பெட்டியில் கோபுரத்துக்குத் தேவையே இல்லாத நாற்பது இரண்டுக்கு நான்கு கட்டைகள் கூடுதலாகப் போகின்றன. அவன் கோபுரத்தைப் பிரித்த மறுநாளுக்கு அவை வேண்டும். ஒன்று சுமார் 2.3 கிராம் என்பதால் அவற்றைத் தராசில் நிறுத்தே எண்ணிவிடலாம். ஒற்றைக் குமிழ் பிளேட்டுகளைத் தராசு கண்டுகொள்வதில்லை. கையால் எண்ணி, ஒவ்வொரு வகையிலும் இரண்டு கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

அவன் தங்கைக்கு இரண்டரை வயது. அண்ணனுக்குப் பரிசு வரும்போது அவளும் கை நீட்டுவாள். மூன்று வயதுக்குக் கீழே சிறு கட்டை கூடவே கூடாது, தொண்டையில் சிக்கிவிடும். அவளுக்கு டூப்லோ, சிறு குழந்தைகளுக்கான லெகோவின் பெரிய கட்டை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பு. சாதாரண இரண்டுக்கு நான்கு கட்டை டூப்லோவின் மேல் உட்காரும் என்பதால், அவள் வளர்ந்த பிறகும் அண்ணனின் கோபுரத்துக்கு அவை அடித்தளமாக உதவும்.

இதே விருப்பமுள்ள நண்பர் ஒருவருக்கும் இம்மாதம் பரிசு தரவேண்டும். அவருக்குப் பெட்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவரிடம் இருப்பதையே நாம் வாங்கிவிடுவோம். அவர் எந்த நிறத்தில் என்ன கட்டுகிறார் என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன். ஆற்றுப்பாலத்துக்கு மணல் நிறச் சரிவுக்கட்டைகள் போதவில்லை என்றார். அதையே இருநூறு வாங்கி வைத்திருக்கிறேன்.

கோபுரத்தில் இன்னும் உச்சி விளக்கு பாக்கி. கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு சுழலவேண்டும். முதலில் திருகுமரை போன்ற புழுச்சக்கரத்தோடு 24 பல் சக்கரத்தை வைத்தேன். 24 முறை சுற்றினால்தான் விளக்கு ஒரு சுற்று வருகிறது. மெதுவாக, கம்பீரமாக இருந்தது. ஆனால் நேற்று அவள் கைப்பிடியைத் தொடவே இல்லை, நேராக விளக்கைப் பிடித்துத் திருகினாள். புழுச்சக்கரம் எதிர்த்திசையில் இடம் கொடுக்காது, தண்டு முறுக்கிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டு 8 பல், 24 பல் சக்கரங்களை மாட்டிப் பார்க்கிறேன். மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று, எந்தப் பக்கம் திருகினாலும் இளகிக் கொடுக்கும். சக்கரங்கள் உட்கார உச்சியில் ஒரு குமிழ் அகலம் கூட வேண்டியிருக்கிறது. இன்றிரவு ஐந்தாம் பையை மறுபடி பிரிக்கப்போகிறேன்.