நான் கேட்ட பிழையான கேள்வி

மூதூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் அவரைக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பது சொச்சம். தோட்டம் செய்பவர். வலது கை துடிக்கத் தொடங்கி, பிறகு உடம்பு முழுக்க வெட்டி இழுத்ததாம். முன்பு வலிப்பே வந்ததில்லை. வாட்டுக்கு வந்து சேர்ந்தபோதும் அவர் உள்ளங்கையில் வீட்டுத் திறப்புக்கோர்வை இருந்தது. நம்மூர் முதலுதவி!

சீ.டி. ஸ்கானில் மூளையின் இடப்பக்கம் சின்ன வளையம், சுற்றிலும் வீக்கம். வளையம் என்றதும் எனக்குக் காசநோய்க் கட்டிதான் ஞாபகம் வந்தது. நாடாப்புழுக் கட்டியும் வராமலில்லை. ஆனால் இலங்கையில் அது அரிது, நான் படித்ததும் பரீட்சைக்காகத்தான்.

"பன்றி இறைச்சி சாப்பிடுவீங்களா?"

"நாங்க சுத்த சைவம் டொக்டர்," என்று அம்மா முகத்தைச் சுளித்தார். சரி என்று டிக்கற்றில், அதாவது அவருடைய நோய்க்குறிப்பில், நாடாப்புழுவை வெட்டிவிட்டேன்.

கேள்வியே பிழை. சரியாக வேகாத பன்றி இறைச்சியிலுள்ள இளம்புழுவை, அதாவது குடம்பியைத் தின்றால் குடலில் புழு வளரும், அவ்வளவுதான். மூளைக்கு வினையாவது முட்டை. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளியேறி, கழுவாத கையாலோ கீரையாலோ தண்ணீராலோ இன்னொருவர் வாய்க்குப் போவது. அதற்குச் சைவம் அசைவம் தெரியாது.

மறுநாள் பெரிய டொக்டர் இறைச்சியைப் பற்றிக் கேட்கவேயில்லை. "தம்பி, எங்கெங்க இருந்தனீர்?" என்றார். 1990இல் குடும்பத்தோடு கடல் கடந்து, தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்தான் திரும்பியிருந்தார். இங்கே அரிதான இந்தப் புழு அங்கே அரிதல்ல. திருகோணமலையில் வேலை செய்துகொண்டு, இதைக் கேட்கத் தோன்றாததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்படி வாய்க்குள் போன முட்டையிலிருந்து மூளையில் உருவாகும் நீர்க்கட்டி, உயிரோடிருக்கும்வரை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதை எதிர்க்கும். வீக்கமும் வலிப்பும் அப்போதுதான்.

எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வளையத்துக்குள், நடுவிலிருந்து சற்று விலகி, ஒரு புள்ளி. புழுவின் தலை. அதைப் பார்த்த பிறகு காசநோய்ப் பேச்சே எழவில்லை.

வலிப்பு மருந்து ஏற்கனவே தொடங்கியிருந்தது. புழுவைக் கொல்லும் அல்பென்டசோல் கொடுக்குமுன் கண் கிளினிக்குக்கு அனுப்பினோம். கண்ணுக்குள் கட்டி இருந்து, மருந்தால் அது செத்து வீங்கினால் பார்வையே போகலாம். மூளை வீக்கத்துக்கு ஸ்டீரொயிட்டும் சேர்ந்தது.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாதான் கூட்டிவந்தார். அதன் பிறகு மகனுக்கு வலிப்பு வரவில்லை. "திறப்பு இனித் தேவையில்லையா டொக்டர்?" என்று கேட்டார். டிக்கற்றைப் புரட்டினேன். முதல் பக்கத்தில், நான் வெட்டிய வரி அப்படியே இருந்தது.