குமிழி நின்ற காலை

முதல் தடவை அதைத் தசைப்பிடிப்பு என்றுதான் நினைத்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு குத்தல், மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. இரண்டு நாள் களிம்பு தடவிப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுக்கப் போனேன். நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தது. நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கி அதை அமுக்கிச் சுருக்கிவிடுவது. உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களுக்கு அடிபடாமலேயே இது வருமாம். சிகரெட் பிடிப்பீர்களா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த முறை காற்றை வெளியேற்ற விலா வழியாகக் குழாய் போட்டு நாலு நாளில் அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து அதே பக்கம், அதே குத்தல். இந்தத் தடவை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறுவை சிகிச்சை என்றதும், "குழாய் போட்டாலே விரிந்துவிடுமே, எதற்கு டாக்டர்?" என்று கேட்டேன். விரிய வைப்பது குழாயின் வேலை, மறுபடி சுருங்காமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை என்றார். நுரையீரலின் உச்சியில் இருந்த காற்றுக் கொப்புளங்களை ஸ்கேனில் காட்டினார். அதில் ஒன்று உடைந்தால் காற்று வெளியே கசிந்து, நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவே தேங்கிவிடுகிறது. அந்த இடத்தை ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிட்டு, விலாவின் உட்புறச் சவ்வை வேண்டுமென்றே தேய்த்துப் புண்ணாக்குவார்கள். புண் ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கேட்கவே கொஞ்சம் முரட்டு வைத்தியமாக இருந்தது. ஆனால் முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, இதைச் செய்துகொண்டால் நூற்றில் ஒரு சிலருக்குத்தான் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அறுவையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். அக்குளுக்குக் கீழே மூன்று சின்ன ஓட்டைகள், ஒன்றில் கேமரா. அந்த நேரம் வலது நுரையீரல் மட்டும் வேலை செய்யும்படி தொண்டை வழியே தனிக் குழாய் விடுகிறார்கள். விழித்தபோது தொண்டை கரகரவென்று இருந்தது.

படுத்தி எடுத்தது அதற்கப்புறம் வந்த ஐந்து நாள். ஒரு ஓட்டை வழியாகக் குழாய், அதன் மறுமுனை தரையில் இருந்த பாட்டிலின் தண்ணீருக்குள். காற்று வெளியே போகலாம், திரும்பி வர முடியாது, அவ்வளவுதான் ஏற்பாடு. இருமச் சொல்வார்கள். குமிழி வந்தால் இன்னும் கசிகிறது என்று அர்த்தம். நாள் முழுக்க அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்குத் தகுந்தபடி தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்து முதல் நாள் பயந்துபோய் நர்சைக் கூப்பிட்டேன். அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம். கழிப்பறைக்குப் போனாலும் பாட்டில் கூடவே வரும், அதுவும் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

வலி மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள். முதல் இரவு நான் வீரம் காட்டினேன். மறுநாள் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில் மூச்சை உறிஞ்சினால் ஒரு பந்துகூட எழவில்லை. வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டோம், இழுக்காவிட்டால் சளி தங்கிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் திட்டினார். இருமும்போது தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். அது நிஜமாகவே உதவியது.

நான்காம் நாள் காலை எவ்வளவு இருமியும் குமிழி வரவில்லை. மறுநாள் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து அடக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் ஆசையை மறந்துவிட வேண்டும், சிகரெட் கூடவே கூடாது.

ஒன்றரை வருடம் ஆகிறது. இடது மார்பில் உள்ளங்கை அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது, விலா நரம்பு உரசப்பட்டதால். தும்மல் வரும்போது கை தானாகத் தலையணையைத் தேடுகிறது.