3 தொன் லொறி 3 தொன் இல்லை

நான் வாங்கிய பழைய இராணுவ லொறி, பெட்போர்ட் ஆர்.எல்., இப்போது கொக்குவிலில், என் கொட்டிலுக்குள் நிற்கிறது. எஞ்சின் இன்னும் வாய் திறக்கவில்லை. அதைத் திருத்துகிற கதை பிறகு. இது வவுனியாவில் இருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர் அதைக் கொண்டுவந்து சேர்த்த கதை.

பிரித்தானிய இராணுவத்துக்காக 1953இல் வரத்தொடங்கிய மொடல். நாலு சக்கரமும் இழுக்கும், 4.9 லீற்றர், ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். நான் வாங்கியது பல கை மாறி ஒரு தோட்டத்து வேலியோரம் கிடந்தது. ஏலத்தில் எடுத்த கடதாசிகள் பத்திரமாக இருந்தன, அது பெரிய புண்ணியம். இலக்கத் தகடு இல்லை. பதிவு முடியும்வரை அதன் சக்கரம் றோட்டில் உருளக்கூடாது, கயிறு கட்டி இழுக்கிற கதையும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தேன். அதனால் ரெயிலர்.

ஊரில் ஓர் அண்ணையிடம் காற்று பிரேக்கோடு இரண்டு அச்சு ரெயிலர் இருக்கிறது. தகட்டில் மொத்த எடை 6,000 கிலோ, வெறும் எடை 1,700. ஏற்றக்கூடியது 4,300. கூட வந்த மச்சான் கணக்கை உடனே முடித்துவிட்டான்: "மூண்டு தொன் லொறிதானே, மூண்டு தொன் இருக்கும். பிறகென்ன?"

உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 3 தொன் என்பது அந்த வண்டி சுமக்கிற பாரம், அதன் சொந்தப் பாரம் இல்லை. அதே வண்டியைப் பின்னாளில் 4 தொன் என்று கூப்பிட்டார்கள்; வண்டி ஒன்றும் கொழுத்துவிடவில்லை, சுமக்கிற அளவைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் 'இரண்டரைத் தொன்' என்று கொஞ்சுகிற எம்35 லொறியும் வெறுமையாகவே 13,000 இறாத்தல், 6 தொன்னுக்குக் கிட்ட. பெயரை நம்பி ரெயிலர் பிடித்தால் அச்சு முறியும்.

ஆகவே முதலில் தராசு. சக்கரங்கள் உருள வேண்டுமே! பிரேக் சப்பாத்துகள் ட்ரம்மோடு ஒட்டிப்போயிருந்தன. சுத்தியலால் தட்டி, டீசல் ஊற்றி, நாலையும் விடுவிக்க ஒன்றரை நாள். அந்தத் தோட்டத்தோடு ஒட்டிய நெல் களஞ்சியத்தில் வாகனம் நிறுக்கிற தராசு இருந்தது. றோட்டில் ஏறாமல் வளவுக்குள்ளாலேயே உழவு மெசினால் இழுத்துப்போய் ஏற்றினோம். 4,780.

லொறியின் பின்னால் சாமான் ஏற்றுகிற பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மழையில் ஊறிய மண், யாரோ சேர்த்துவைத்த பழைய இரும்பு, ஒரு உரல். எல்லாவற்றையும் வாரிக் கொட்டி, உதிரிச் சக்கரம், பற்றரி, கன்வஸ் கூடாரக் கம்பிகள் கழற்றி மறுபடி நிறுத்தால் 4,320. தகடு சொல்வது 4,300.

"இருவது கிலோதானே அண்ணை" என்றான் மச்சான். அந்தத் தராசு 20, 20 ஆகத்தான் காட்டும். போதாததற்குக் கட்டுகிற சங்கிலிகளே 60 கிலோ. அவற்றையும் ரெயிலர்தான் சுமக்க வேண்டும். பிடிபட்டால் தண்டம் என்பது ஒரு பக்கம். எனக்குக் கூடப் பயம் காப்புறுதி. ஏதாவது நடந்தால் முதலில் கேட்பது அந்தத் தகட்டு எண்ணைத்தான். பெட்டியைக் கழற்றுவது என்று முடிவெடுத்தேன். துருப்பிடித்த யூ போல்ட்டுகளை அறுத்து, செயின் புளொக்கில் தூக்கி, மாமரத்துக்குக் கீழே இறக்கிவைத்தோம். இப்போது 3,680. நிம்மதி.

என்னுடைய சாரதி அனுமதிப்பத்திரம் சி1. பார லொறியில் ரெயிலர் இழுக்க சி.இ. வகை வேண்டும். அது அண்ணையிடம் இருந்தது, லொறியும் அவருடையதே. ரெயிலருக்குத் தனி இலக்கம், தனிக் கடதாசிகள். அவற்றையும் ஒருக்கால் பார்த்துக்கொண்டேன்.

பாரம் சரியாகிவிட்டது, இனி ஏற்றினால் போதும் என்றுதான் நினைத்தோம். பெட்போர்ட்டின் பின்கொளுக்கி உறுதியாக இருந்ததால் அதில் வின்ச்சைப் போட்டுப் பின்பக்கமாக இழுத்து ஏற்றினோம். பார்க்க அழகாக, சமமாக நின்றது. அண்ணை சுற்றி வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் லொறியின் கொளுக்கியில் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார். பிறகு, "உது சரிவராது தம்பி, கொழுவியில பாரமே இல்லை" என்றார்.

அளந்து பார்ப்பது சுலபம். ரெயிலரைக் கொழுவிய நிலையில் லொறியின் சக்கரங்களை மட்டும் தராசில் நிறுத்தி ஓர் எடை; கழற்றிவிட்டு லொறியைத் தனியே ஓர் எடை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் கொளுக்கியில் விழுகிற பாரம். எங்களுக்கு 200 கிலோ வந்தது. ரெயிலர், பெட்போர்ட், சங்கிலி எல்லாம் சேர்த்து 5,440 கிலோவுக்கு அது நூற்றுக்கு 4 கூட இல்லை. இப்படியான ரெயிலருக்கு 10 முதல் 15 வீதம் முன்னால் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் ரெயிலர் வாலாட்டத் தொடங்கும், பிறகு லொறியையே ஆட்டும். பெட்டி கழன்ற பிறகு பெட்போர்ட்டின் பாரம் முழுக்க எஞ்சின் பக்கம். அந்த எஞ்சினைக் கொண்டுபோய் வால் பக்கம் வைத்திருக்கிறோம்.

இறக்கித் திருப்பி, முகம் முன்னால் இருக்கும்படி ஏற்றினோம். தராசு: 1,100. இப்போது மறுபக்கம் பிழை. லொறியின் பின்பக்கம் குந்திவிட்டது. முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கும். தராசுக்காரர் சிரித்தார்: "தம்பி, இன்னுமொருக்கா நிறுக்கப்போறீரோ?" ஒவ்வொரு தடவைக்கும் காசு வாங்குகிறவர் சிரிக்கத்தானே செய்வார்.

இந்தத் தடவை கணக்குப் போட்டேன். கொளுக்கியில் இருந்து ரெயிலர் அச்சுகளின் நடு வரைக்கும் 4.2 மீற்றர். 3,680 கிலோவை 1 செ.மீ. நகர்த்தினால் கொளுக்கியில் கிட்டத்தட்ட 9 கிலோ மாறும். 540 கிலோ குறைய வேண்டும், 62 செ.மீ. பின்னால். சோக்குக் கட்டியால் தட்டில் கோடு கீறி, வின்ச்சை மெல்ல மெல்ல விட்டு, கோட்டில் நிறுத்தினோம். தராசு 560 காட்டியது. பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் கணக்குக்கு நான் வாங்கிய புள்ளியை இங்கே சொல்லமாட்டேன்.

கட்டும்போது அமெரிக்க விதியை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். அங்கே 10,000 இறாத்தலும் அதற்கு மேலும் உள்ள சக்கர இயந்திரங்களுக்குக் குறைந்தது நாலு கட்டு வேண்டும். எங்களுடையது அந்த எடைக்கு வராது, ஆனாலும் நாலு மூலைக்கும் நாலு சங்கிலி. சேசிஸில் கட்டாமல் அச்சுகளில் கட்டினோம். சேசிஸில் கட்டினால் வில்லுத் தகடுகள் குதிக்கும்போதெல்லாம் சங்கிலி தளரும்.

விடிய வெளிக்கிட்டோம். ஓமந்தையில் நிறுத்திப் பார்த்தால் ஒரு சங்கிலி தளர்ந்திருந்தது. அதன்பின் ஒன்றும் அசையவில்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தோம். வழியில் ஓரிடத்தில் மறித்தார்கள். ஏலக் கடதாசி, ரெயிலர் கடதாசி, எல்லாத் தராசுத் துண்டுகளும் ஒரே கோவையில். அதைப் புரட்டிப் பார்த்தவர், "இவ்வளவு தடவையா நிறுத்தீங்கள்?" என்று கேட்டுவிட்டு விட்டார்.

உண்மையான பரீட்சை ஆனையிறவில். சோளகம் குறுக்காக அடித்தது, வெட்டவெளி, இரண்டு பக்கமும் தண்ணீர். அண்ணை 40க்கு மேல் போகவில்லை. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெயிலர் ஒரு கோடு கீறினாற்போல் பின்னால் வந்தது. 200 கிலோவோடு இந்த இடத்தைத் தாண்டியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் கச்சான் தொண்டையில் இறங்கவில்லை.

கடைசி 200 மீற்றருக்கு ஒரு மணித்தியாலம். எங்கள் ஒழுங்கை திரும்புகிற இடத்தில் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பனை மட்டை வேலி. நிலத்தில் இருந்து கூரை வரை 3.4 மீற்றர், கேபிள் ரீவி வயரை ஒருவர் கொக்கத்தடியால் தூக்கிப் பிடிக்க, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தோம். மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கொப்பு போனது.

அம்மா படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பச்சை நிறத்தை எங்கள் ஒழுங்கை கடைசியாகக் கண்டது எப்போது என்று அவவுக்கு நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. "உதை ஏனடா இஞ்ச கொண்டு வந்தனி?" என்று மட்டும் கேட்டா. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன கலர் அடிக்கப்போறாய்?" என்றா. நீலம் என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டா.

இனிப் பெற்றோல் தாங்கியைக் கழுவ வேண்டும், காபரேற்றரைப் பிரிக்க வேண்டும். பெட்டி இன்னும் வவுனியாவில்தான், அந்த மாமரத்துக்குக் கீழே. தோட்டக்காரர் போன கிழமை போன் எடுத்தார்: அதற்குள் ஆடு கட்டியிருக்கிறாராம், குட்டி ஈனும்வரை அவசரப்பட வேண்டாமாம்.