ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஷொட்

மலையகத்தில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர் குழு முதலில் போடும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு விடிகிறது, மாலை ஆறேகாலுக்கு இருட்டுகிறது, ஆக 12 மணித்தியாலம். சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்தால் 24. பத்து நிமிடப் படத்துக்கு இது தாராளம் என்று தோன்றும். ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ இந்தக் கணக்கு முதல் நாள் பகலுக்குள்ளேயே உடைந்துவிடும்.

லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இருப்பது சரிவில். கிழக்கே ஒரு மலைமுகடு நின்றால் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வெயில் விழ ஏழரை, எட்டு ஆகும். மேற்கே முகடு இருந்தால் நாலு மணிக்கே நிழல். பல மாதங்களில் இரண்டு மணிக்குப் பிறகு மூடுபனி இறங்கும், அல்லது இடியோடு மழை வரும். நம்பக்கூடிய வெளிச்சம் ஏழரையிலிருந்து ஒன்றரை வரை, ஆறு மணித்தியாலம். தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் போனால் மிஞ்சுவது 300 நிமிடம். புதுக் குழுவொன்று முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தி, ஒத்திகை பார்த்து, மூன்று டேக் எடுத்து முடிக்க ஒரு ஷொட்டுக்கு 25 நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு நாளைக்கு 12, இரண்டு நாளைக்கு 24. ஆனால் பத்து நிமிடத் திரைக்கதைக்கு மாணவர்கள் எழுதிவரும் ஷொட் பட்டியலில் 60 இருக்கும். அது ஐந்து நாள் வேலை. கமராவோ வெள்ளி மாலை இரவல் வாங்கித் திங்கள் காலை திருப்பிக் கொடுக்கவேண்டியது.

எனவே முன்தயாரிப்பு என்பது பெரும்பாலும் அந்த அறுபதை இருபத்து நாலாக்கும் வேலைதான்.

வெட்டத் தொடங்க வேண்டிய இடம் இடமாற்றம். லயத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கப் பத்து நிமிடம் என்றால், முக்காலியும் பையும் தூக்கிக்கொண்டு திரும்பி ஏற 25 நிமிடம். ஒவ்வொரு இடமாற்றமும் இரண்டு ஷொட்டைத் தின்னும். ஆறு, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), ரயில் நிலையம், கோயில் என்று அலையும் கதையை விட, ஒரு லயம், அதன் பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), மேலே போகும் படிக்கட்டு என்ற மூன்றுக்குள் அடங்கும் கதை இரண்டு நாளில் முடியும். அடுத்தது உரையாடல். இருவர் பேசுவதை ஐந்து கோணத்தில் எடுக்க வேண்டியதில்லை. இருவரையும் சேர்த்து ஒரு நீண்ட ஷொட், முக்கியமான முகத்துக்கு ஒரு குளோஸ்அப், அது போதும். மீதி மூன்றும் எடிட்டிங் மேசையில் எப்படியும் கழிபடுபவை.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற விதியை அப்படியே நம்பக் கூடாது. அது ஆங்கிலத்தில், ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஒரு குறிப்பிட்ட அமைப்பில் தட்டச்சு செய்த திரைக்கதைக்கானது. போனில் தமிழில் அடித்த பக்கத்துக்குப் பொருந்தாது. ஸ்டொப்வொட்ச் வைத்து உரக்க வாசித்துப் பார்க்கவேண்டும், மௌனத்தையும் சேர்த்து. ‘அம்மா படியேறி வருகிறாள்’ என்ற மூன்று சொல்லுக்குப் பின்னால் நாற்பது படி இருக்கலாம். யாராவது ஏறிப் பார்த்து நேரம் குறித்தால்தான் தெரியும்.

வசனத்தைத் தமிழ் ஆசிரியரிடம் திருத்தக் கொடுப்பது வழக்கம். லயத்தில் இருப்பவரிடம் கொடுப்பது பயன். பாடப்புத்தகத் தமிழும் யாழ்ப்பாணத்து வழக்கும் கலந்த வசனத்தைத் தோட்டத்து அக்கா ஒருவர் பேசினால் முதல் வரியிலேயே பார்ப்பவருக்கு நம்பிக்கை போய்விடும். ‘நான் இன்று பணிக்குச் செல்லவில்லை’ என்று எழுதியிருப்பதை அவர் ‘இன்னைக்கு நான் பேருக்குப் போகல’ என்பார் (பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு). அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வதுதான் நல்லது.

இடம் பார்க்கப் போவது இரண்டு தடவை இருக்கவேண்டும். முதல் தடவை போன் போதும். இரண்டாம் தடவை படமெடுக்கப் போகும் அதே கமரா, அதே நேரம். காலை எட்டு மணிக் காட்சிக்கான இடத்தைப் பகல் பன்னிரண்டுக்குப் பார்த்துவிட்டு வருவதால் எந்தப் பயனும் இல்லை. போனிலுள்ள திசைகாட்டியில் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு முகட்டில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். ஏப்ரல் முற்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது வெளியே எடுக்கும் முகங்களில் கண்குழி இருட்டாகிவிடும். அந்த ஒரு மணித்தியாலத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

பழைய லயத்துக் காம்பரா (அறை) ஒன்று பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. மாணவர்கள் விரும்பிக் கொண்டுவரும் 50 மில்லிமீற்றர் லென்ஸை ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுச் சென்சர் உள்ள கமராவில் பூட்டிப் பத்தடி தள்ளி நின்றாலும், சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வரும் அகலம் நாலரை அடிதான். இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது அதில் கொள்ளாது. கமராவோடு வரும் சாதாரண 18-55 லென்ஸின் 18 முனையில் அதே தூரத்தில் பன்னிரண்டு அடிக்குச் சற்று மேல் கிடைக்கும். பின்னணி மங்கலாக வராதே என்ற கவலையை விட்டுவிடலாம், புகை படிந்த சுவரும் சாமிப் படமும் தெரிவதில் நட்டம் ஒன்றுமில்லை.

அதே காம்பராவில் ஒரு பிளக்கில் எவ்வளவு இழுக்கலாம் என்றும் பார்க்கவேண்டும். 1000 வொட் விளக்கொன்று 230 வோல்ற்றில் நாலரை அம்பியர் அளவுக்கு எடுக்கும். பழைய 5 அம்பியர் பிளக்கில் அதோடு வேறெதையும் சேர்த்தால் பிரேக்கர் விழும், சில இடங்களில் பக்கத்து வீட்டு ரீவியும் நிற்கும். 60 வொட் எல்ஈடி விளக்கு இரண்டும், பழைய உருண்டை முள், புதிய சதுர முள் இரண்டுக்குமான அடப்டரும் எடுத்துப்போனால் வம்பில்லை. மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் கமராவை விநாடிக்கு 25 சட்டம், ஷட்டர் 1/50 என்று முதலிலேயே வைத்துப் பூட்டிவிட வேண்டும். போன்கள் தானாக 30இல் எடுக்கும். பிறகு பல்ப் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும், அதைப் பின்னால் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஒலிதான் லயத்தில் பெரிய தலைவலி. பல லயங்களில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை, அடுத்த வீட்டுச் சீரியல் இங்கே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில், பீலியில் உடுப்புத் துவைப்பு, கோயில் ஒலிபெருக்கி, கீழ்வீதியில் பஸ் ஹோர்ன். வேலை நாளில் காலை எட்டிலிருந்து பகல்வரை லயம் ஓரளவு அமைதி. கல்லூரி விடுமுறையில் வேலை நாளுக்கும் கமரா கிடைத்து, உள்ளே பேசும் காட்சிகளை அந்த நேரத்தில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். இடம் பார்க்கும்போதே மைக்கை வைத்து ஒரு நிமிடம் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் அந்த வீட்டை முடிவு செய்யவேண்டும். காது பழகிவிடும், மைக் பழகாது.

விடுமுறை என்றதும் மாதக் கணக்கும் பார்க்கவேண்டும். ஆகஸ்டில் ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை. அதே ஆகஸ்டில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் பொதுவாக வெயில், ஆனால் காற்று. மைக்குக்குப் பஞ்சு உறையும் அதன்மேல் மயிர் உறையும் இல்லாமல் போகக் கூடாது. டிசம்பரில் நிலைமை தலைகீழ், வடகீழ் மழை ஊவாப் பக்கம். டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவமும் தொடங்குவதால் ஹட்டன் – மஸ்கெலியா வீதியில் வார இறுதியில் வாகனம் நகராது.

என்னதான் மாதம் பார்த்தாலும் மூடுபனி பத்து நிமிடத்தில் வந்து இருபது நிமிடத்தில் போகும். ஒரே காட்சியில் அகன்ற ஷொட் தெளிவாகவும் குளோஸ்அப் வெள்ளையாகவும் வந்தால் ஒட்டாது. அதனால் அகன்றதை முதலில் எடுப்பது, பனியில் ஓட்டோ ஃபோக்கஸை நிறுத்திக் கையால் திருப்புவது. இதற்கு மேல் இரண்டு பட்டியல் தனியாக வைத்திருப்பது உதவும். ஒன்று, பனி இருந்தாலும் எடுக்கக்கூடியவை. மற்றது மழைப் பட்டியல். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் எடுக்க வழியில்லை. ரொட்டிக்கு மா பிசையும் கை, விறகடுப்பு, எழுதும் பிள்ளை என்று பேச்சில்லாத ஆறேழு ஷொட் அதில் இருக்கவேண்டும். குளிரிலிருந்து அடுப்பெரியும் குசினிக்குள் கமராவைக் கொண்டுபோனதும் லென்ஸ் ஆவி பிடித்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் வரும். மூடிய பையோடு உள்ளே வைத்து அரை மணித்தியாலம் விடவேண்டும், அந்த அரை மணித்தியாலத்தில்தான் ஒத்திகை.

அனுமதி விஷயத்தில் வாய்ப்பேச்சு போதாது. தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் கல்லூரி முத்திரையோடு போகவேண்டும்: எந்த டிவிஷன், எந்தத் திகதிகள், எத்தனை பேர், கதை என்ன. கையெழுத்தான பிரதி படமெடுக்கும் இடத்தில் கையில் இருக்கவேண்டும், ஏனென்றால் அன்று கேட்பவர் வேறொருவராக இருப்பார். தண்டவாளத்தில் எடுக்க ரயில்வே திணைக்களம், ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. (தேயிலை மலைக்கு மேலே ட்ரோன் பறக்காமல் தொடங்கும் மாணவர் படம் அரிதாகிவிட்டது. அந்த ஒரு ஷொட்டை விட்டால் அனுமதியும் மிச்சம், அரை நாளும் மிச்சம்.)

துரை, அதாவது முகாமையாளர், அனுமதித்தாலும் மலையில் கொழுந்தெடுப்பவர்களை நிறுத்தி நடிக்கச் சொல்வது வேறு விஷயம். அன்றைய கிலோ குறைந்தால் அவர்களுக்கு அரைப் பேர்தான் விழும். நாம் கேட்கும் ‘இன்னொரு தடவை அக்கா’ அவர்கள் சம்பளத்தில் கழிகிறது. கொழுந்தை எடைபோட்டு முடிந்த பின்போ, வேலையில்லாத நாளிலோ, பேசிய தொகையைக் கையில் கொடுத்து எடுப்பதுதான் முறை. அதைச் செலவுத் திட்டத்தில் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் மேலே எழுதவேண்டும்.

சின்னவை சில: விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி, ஆகவே 64 ஜிபி கார்ட் இரண்டும் அன்றிரவே பிரதி எடுக்க ஹார்ட் டிஸ்க்கும். பட்டரி மூன்று. நனையும் பாத்திரத்துக்கு ஒரே மாதிரி உடுப்பு இரண்டு. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். மண்சரிவு எச்சரிக்கை அந்தப் பிரதேசத்துக்கு விடப்பட்டிருந்தால் திகதியை மாற்றவேண்டும், அதில் பேச்சு இல்லை.

இவ்வளவும் முடிந்ததும் அன்றன்றைக்கு ஒரு தாள் எழுதிக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டு, அச்செடுத்தும் வைத்துக்கொள்ளவேண்டும், தோட்டத்தில் சிக்னல் எங்கே விடும் என்று சொல்ல முடியாது. ஷொட் எண்கள், யார் எத்தனை மணிக்கு, யார் வீட்டில் பகல் சாப்பாடு, மழைப் பட்டியல் எல்லாம் அதில் வரும். தாளின் அடியில், மற்ற எழுத்தை விடப் பெரிதாக, டவுனுக்குக் கடைசி பஸ் புறப்படும் நேரமும், அது போய்விட்டால் கூப்பிடவேண்டிய ஓட்டோக்காரரின் இலக்கமும்.