எல்சிடியில் எழுத்து வரவில்லையா? புரோகிராமை அப்புறம் பார்க்கலாம்

டிப்ளமோ கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு வெப்பநிலை காட்டும் கருவி செய்தேன். எல்எம்35 சென்சார், ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் 16×2 எல்சிடி, அவ்வளவுதான். வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திரையை இணைத்தேன். விளக்கு எரிந்தது, ஓர் எழுத்துகூட வரவில்லை. புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு ராத்திரி அதையே மாற்றி மாற்றி எழுதினேன். கோளாறு இருந்தது திரையின் மூன்றாவது பின்னில்.

அதுதான் கான்ட்ராஸ்ட் பின். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் (சுருக்கமாக ‘பாட்’, திருகி மாற்றும் ரெசிஸ்டர்) ஓரக்கால்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, நடுக்காலை இங்கே கொண்டுவர வேண்டும். என்னுடையது 5 வோல்ட் பக்கமே முழுசாகத் திரும்பியிருந்தது. அப்படி இருந்தால் எழுத்து வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணமாக இந்தப் பின்னில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இருந்தால்தான் எழுத்து தெளியும்.

அதனால் புரோகிராமைத் திறக்கும் முன்பே 1 (கிரவுண்ட்), 2 (5 வோல்ட்), 3 (கான்ட்ராஸ்ட்), 15, 16 (விளக்கின் பிளஸ், மைனஸ்) ஆகிய பின்களை மட்டும் இணையுங்கள். 15-ல் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. பிறகு பாட்டை மெதுவாகத் திருப்புங்கள். மேல் வரிசையில் 16 கருப்புக் கட்டங்கள் வர வேண்டும். வந்தால் திரை நன்றாக இருக்கிறது, கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். மற்ற ஒயர்களை அப்புறம் இணைத்தால் போதும். புரோகிராம் ஏற்றிய பிறகும் கட்டங்கள் அப்படியே நின்றால் ஆர்எஸ் (வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்வது), இ (எனேபிள்), டேட்டா ஒயர்களையும் புரோகிராமில் கொடுத்த பின் எண்களையும் பாருங்கள். எழுத்துக்குப் பதில் கிறுக்கல் வந்தால் டி4 முதல் டி7 வரையிலான டேட்டா ஒயர்களில் ஏதோ இடம் மாறியிருக்கும், அல்லது ஒயர் ஆடும். ஹெடர் பின்னைச் சால்டர் செய்யாமல் சும்மா செருகி வைத்தாலும் இதே தொல்லைதான்.

இன்னொன்று: லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் திரையை அழித்து எழுதினால் எழுத்து மினுக்கும். கர்சரை அதே இடத்துக்குக் கொண்டுபோய் மேலேயே எழுதுங்கள். 100 போய் 99 வரும்போது பழைய பூஜ்யம் ஒட்டிக்கொண்டு 990 என்று காட்டும். எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளியும் சேர்த்து எழுதினால் சரியாகிவிடும்.

ஐ2சி பலகை (இரண்டே ஒயரில் டேட்டா அனுப்ப உதவுவது) ஒட்டிய திரை வாங்கினால் நாலு ஒயரில் வேலை முடியும். முகவரி பெரும்பாலும் ஹெக்ஸில் 27 அல்லது 3எஃப். அதிலும் கான்ட்ராஸ்டுக்குப் பின்னால் திருகிச் சரிசெய்யும் சின்ன பிரீசெட் உண்டு, மறக்காதீர்கள். ஆனாலும் முதல் புராஜெக்ட்டை நேரடி ஒயரில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். வைவாவில் கேட்பது அங்கிருந்துதான்.

என்னிடம் கேட்டவை: நாலு டேட்டா ஒயர் எப்படிப் போதும்? ஹிட்டாச்சியின் எச்டி44780 வகைக் கன்ட்ரோலர் ஒரு பைட்டை இரண்டு பாதியாக, மேல்பாதி முதலில் என்று வாங்கிக்கொள்ளும். படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் ஆர்டபிள்யூ பின் ஏன் கிரவுண்டில்? நாம் எழுத மட்டும் செய்கிறோம், திரையிலிருந்து எதையும் படிப்பதில்லை. கடைசிக் கேள்வியில்தான் தடுமாறினேன். மேல் வரியில் 17-வது எழுத்தை அனுப்பினால் எங்கே போகும்? கீழ் வரிக்கு என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் உள்ளே 40 எழுத்துக்கு இடம் உண்டு. 17-வது எழுத்து மேல் வரியிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். வைவாவுக்கு முன் 20 எழுத்துள்ள வாக்கியம் ஒன்றை அனுப்பி, திரையை இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். மறைந்திருந்த நாலு எழுத்தும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.