மதியம் இரண்டு மணிக்கு மேல்

மாம்பலம் ரயில் நிலையத்தின் படிகளை நான் எண்ணத் தொடங்கியது 2019-ல். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் அதே படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். எண்ணத் தோன்றியதே இல்லை. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்து, கூட்டத்தோடு ரங்கநாதன் தெருவைக் கடந்து, தி.நகரில் உள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்தில் நாற்காலியை இழுத்து உட்காரும்போது அன்றைய பலத்தில் பாதி போயிருக்கும்.

களைப்பு எனக்குப் பழக்கம்தான். செப்டம்பர் கடைசியில் இரவு பதினொரு மணி வரை வவுச்சர் பார்த்தவள் நான். அந்தக் களைப்பு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் தீர்ந்துவிடும். இந்த அசதி தூக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. நனைந்த ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. கூடவே இரவில் உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு.

பரிசோதனையில் தெரிந்தது: என் உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்தக்குழாய்களைத் தாக்குகிறது. 'பிரைமரி பிலியரி கோலஞ்சைடிஸ்' என்று பெயர். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும் நோய். இதன் பெயரிலேயே முன்பு, கல்லீரல் தழும்பேறி இறுகுவதைக் குறிக்கும் 'சிரோசிஸ்' இருந்தது. 2015-ல்தான் அதை நீக்கி, 'அழற்சி' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தார்கள். நல்ல வேலை செய்தார்கள். கல்லீரல் என்று சொன்னதுமே கேட்பவர் முகத்தில் மதுவைப் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. வாழ்நாளில் ஒரு துளி தொடாத நான் அந்தப் பார்வைக்காகவே ஓர் ஆண்டு வாய் திறக்கவில்லை.

பிறகு சொன்னபோது, கீழாநெல்லியை அரைத்து மோரில் குடிக்கச் சொல்லாதவர்கள் இல்லை. அன்பால் சொன்னதுதான். கீழாநெல்லி பற்றிச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது உண்மை. ஆனால் அது ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குப் பலன் இருந்ததாகச் சொன்னது. பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. என் நோயோ கிருமியால் வந்ததே அல்ல.

சொல்லாமல் இருந்த காலத்தில்தான் அலுவலகத்தில் ஒரு தவறு நடந்தது. மாதத்தின் 20-ம் தேதி, ஜிஎஸ்டி கணக்கு அனுப்பக் கடைசி நாள், மாலை நான்கு மணி. ஜிஎஸ்டி கணக்கில் 69,400 வர வேண்டிய இடத்தில் 96,400 என்று பதித்துவிட்டேன். அனுப்பிய 3பி எனும் அந்த மாதக் கணக்குப் படிவத்தைத் திருத்த வழியில்லை. அடுத்த மாதக் கணக்கில்தான் சரிசெய்ய வேண்டும். ஆடிட்டர் சார் திட்டவில்லை. "வீட்டில் ஏதாவது பிரச்சினையா அம்மா?" என்று கேட்டார். அந்தப் பரிவு என்னை உடைத்துவிட்டது. கைப்பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்து, "எண்களெல்லாம் குறைந்து வருகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார்.

எண்களையே நம்பி வாழும் எங்கள் தொழிலில் அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அடுத்த முறை மருத்துவரிடம் இதையே கேட்டேன். தைராய்டு, ரத்தசோகை, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அவர் பேசினார். நான் சாப்பிடும் மாத்திரை பித்தத் தேக்கத்தைக் குறைத்து நோயின் வேகத்தைத் தணிக்கும். அசதியை அது எடுக்காது. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் அசதி எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆரம்ப நிலையில் இருப்பவரே எழுந்திருக்க முடியாமல் கிடப்பதுண்டு. இதைக் கேட்டு நான் அழுதேன். குணமாகாது என்று சொன்னதற்காக அல்ல. நான் சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொன்னதற்காக.

அதைக் கடிதமாகவே எழுதி வாங்கி ஆடிட்டர் சாரிடம் கொடுத்தேன். எண்கள் பதியும் வேலை எனக்கு மதியம் இரண்டு மணி வரை மட்டும் என்று ஆனது. பிறகு கோப்பு அடுக்குவது, வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசுவது. சாப்பாட்டுக்குப் பின் பதிவேட்டு அறையில் இருபது நிமிடம் கண்மூடுகிறேன். முதலில் கூசியது. இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

போன 20-ம் தேதி மூன்று மணிக்கு, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு கட்டு வவுச்சருடன் வந்து நின்றான். அவனுக்கு என் கதை தெரியாது. "இரண்டு மணிக்கு மேல் நான் எண்கள் பார்ப்பதில்லை தம்பி, என் உடல்நிலை அப்படி. நாளை காலை ஒன்பதரைக்குக் கொண்டு வா" என்றேன். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனான்.